பலர் கைபட்ட ஆம்பிளிபையர்

ஆழம் அறியாமல் காலை விடாதே என்பது நம் முன்னோர் வாக்கு. கடலோடு பிறந்து கடலோடு வளரும் முத்துக்குளித்துறை மக்களுக்கு இதன் பொருளை எவரும் விளக்க வேண்டுவதில்லை. எனினும் ஆழம் கடலில் மட்டும் உள்ளதன்று. வீட்டு மேசைமீது வைத்துத் திறக்கப்படும் ஒரு பழைய ஒலிபெருக்கிப் பெட்டிக்குள்ளும் ஆழம் உண்டு. அதில் கால் வைப்பவருக்குப் பொருள் இழப்பு நேரலாம்; உயிர் இழப்பும் நேரலாம்.

திருச்செந்தூருக்குத் தெற்கே ஆலந்தலையிலும், அதனை ஒத்த மற்றக் கடற்கரை ஊர்களிலும் கப்பலில் வேலை பார்ப்போர் பலர் உளர். விடுப்பில் வரும்போது அவர்கள் கொணரும் பொருள்களுள் சில வேளைகளில் பழைய கித்தார் ஆம்பிளிபையரும் ஒன்று. 1963-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள் வெளியான திருவழிபாடு பற்றிய சங்க ஏடு, ஆர்கனுக்கு உரிய மதிப்பை அளித்து, தகுதியான மற்ற இசைக்கருவிகளுக்கும் வழி திறந்தது. அதன் பின்னர்க் கித்தார் நம் பாடகர் குழுக்களிலும் இடம் பெற்றது. கித்தார் வந்தால் ஆம்பிளிபையரும் வரும். அது பழுதானால் கையில் சூட்டுக்கோலும் ஈயக் கம்பியுமாக இளைஞர் ஒருவர் அதன்முன் அமர்வார். இக்கட்டுரை அவ்விளைஞருக்கும் அவருடைய பெற்றோருக்கும் உரியது.

வால்வு என்பது யாது?

காற்று நீக்கப்பட்ட கண்ணாடிக் குமிழுக்குள் ஓர் உலோகத்தைச் சூடாக்கினால், அதிலிருந்து எலக்ட்ரான்கள் வெளிப்பட்டு, எதிரே நேர்மின்னழுத்தத்துடன் நிற்கும் தகட்டை நோக்கிப் பாய்கின்றன. திரும்பிப் பாய்வதில்லை. 1904-ஆம் ஆண்டு இதனை அமைத்த ஆங்கிலேய அறிஞர் பிளெமிங், தண்ணீர்ப் பம்பின் வால்வைப்போல் ஒரு திசையில் மட்டும் வழி விடுவதால் இதற்கும் வால்வு என்றே பெயரிட்டார். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்கரான லீ டி பாரஸ்ட், சூடேறும் பகுதிக்கும் தகட்டுக்கும் இடையே கிரிட் என்னும் கம்பி வலையைப் பொருத்தினார். மதகுப் பலகையை ஒரு சாண் உயர்த்தினால் வாய்க்கால் நிறைய நீர் பாய்வது போல, கிரிட்டில் நேரும் சிறு மாற்றம் தகட்டுக்குச் செல்லும் பெரும் ஓட்டத்தை ஆளுகிறது. கித்தார்க் கம்பியின் மெல்லிய அதிர்வு ஒரு மண்டபத்தை நிரப்பும் ஓசையாக வளர்வது இவ்வாறே.

முதியோருக்கு வால்வு புதிதன்று. இலங்கை வானொலியைக் கேட்கப் பெட்டியைத் திருகிவிட்டு, வால்வு சூடேறும் வரை அரை நிமிடம் காத்திருந்த தலைமுறை அது. 1961-ஆம் ஆண்டு முதல் பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் வானொலிக்கான வால்வுகளைச் செய்தது. 1947-இல் அமெரிக்காவில் பிறந்த டிரான்சிஸ்டர் நாளடைவில் வால்வின் இடத்தைக் கைப்பற்றியது. ஆயினும் கித்தார் வாசிப்போர் வால்வைக் கைவிடவில்லை. அளவுக்கு மீறி முடுக்கும்போது டிரான்சிஸ்டர் ஒலியலையின் முகட்டைக் கத்தியால் வெட்டினாற்போல் நறுக்கிவிடுகிறது. வால்வோ அதனை மெல்ல வளைத்து மழுக்குகிறது. அந்த மழுங்கலே அவர்கள் விரும்பும் இனிமை.

இன்று இவ்வால்வுகள் பெரும்பாலும் சுலோவாக்கியா, இரஷ்யா, சீனா ஆகிய நாடுகளிலிருந்தே வருகின்றன. சென்னை ரிச்சி தெருவில் தேடினாலும் நல்ல இணை எளிதில் அமைவதில்லை. அமைந்தாலும் விலை ஆயிரக்கணக்கில் ஆகும். ஆதலின் காரணம் அறியாமல் வால்வை மாற்றிப் பார்ப்பது ஏழைக் குடும்பம் தாங்கக்கூடிய சோதனை அன்று.

மாற்றியமைத்தல் குற்றமா?

இல்லை. கித்தார் ஆம்பிளிபையரின் வரலாறே மாற்றத்தின் வரலாறுதான். இலண்டன் மாநகரின் மேற்குப் பகுதியில் மேளக் கருவிகள் விற்றுவந்த ஜிம் மார்ஷல் என்பவரின் கடையில் 1962-ஆம் ஆண்டு புகழ்பெற்ற மார்ஷல் பெட்டி பிறந்தது. அமெரிக்காவின் பெண்டர் நிறுவனத்துப் பாஸ்மேன் பெட்டியை முன்மாதிரியாகக் கொண்டு, இங்கிலாந்தில் கைக்கு எட்டிய உதிரிப் பாகங்களால் அவரும் அவருடன் உழைத்தோரும் அதனை அமைத்தனர். பாகங்கள் மாறியதால் ஓசையும் மாறியது. அவ்வோசையை உலகம் விரும்பியது. ஆனால் அவர்கள் தாம் செய்த மாற்றத்தைச் சுற்று வரைபடமாக எழுதி வைத்தனர். நம் ஊருக்கு வந்து சேரும் பெட்டிகளிலோ நான்கு பேர் நான்கு காலங்களில் கை வைத்திருப்பர். ஒரு வரியும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். நிறுவனத்தின் வரைபடத்தைத் தேடி எடுத்தாலும் உள்ளே இருப்பது வேறாக இருக்கும்.

பொதுவாகக் காணப்படும் மாற்றங்கள் நான்கு.

முதலாவது, மாறுதிசை மின்சாரத்தை நேர்த்திசையாக்கும் ரெக்டிபையர் வால்வை எடுத்துவிட்டுச் சிலிக்கான் டயோடுகளை வைப்பது. வால்வு தனக்கென எடுத்துக்கொண்ட நாற்பது ஐம்பது வோல்ட்டை டயோடு எடுத்துக்கொள்வதில்லை. எனவே உள் மின்னழுத்தம் அந்த அளவுக்கு உயர்ந்து, பழைய கண்டன்சர்கள் தாங்கும் எல்லையைக் கடந்துவிடும்.

இரண்டாவது, 6 எல் 6 என்னும் அமெரிக்க வால்வு இருந்த இடத்தில் இ.எல். 34 என்னும் ஐரோப்பிய வால்வைச் செருகுவது. இரண்டுக்கும் எட்டுக் கால்களே. சாக்கெட்டில் இரண்டும் பொருந்தும். ஆனால் 6 எல் 6 சூடேறுவதற்கு 0.9 ஆம்பியர் போதும், இ.எல். 34-க்கு 1.5 ஆம்பியர் வேண்டும். இரண்டு வால்வுகளுக்கும் சேர்த்து 1.2 ஆம்பியர் கூடுதல் சுமை மின்மாற்றியின் தலையில் ஏறுகிறது. மேலும் இ.எல். 34-இன் முதற் காலை எட்டாம் காலுடன் இணைத்தாக வேண்டும். பழைய சாக்கெட்டில் அவ்விணைப்பு இராது.

மூன்றாவது, அடிக்கடி பியூஸ் போகிறதென்று செம்புக் கம்பியைச் சுற்றி வைப்பது. நான்காவது, நம் சுவர்ப் பிளக்கில் செல்லவில்லையென்று மூன்றாவது காலாகிய எர்த் முனையை வெட்டி எறிவது. முன் கூறிய இரண்டும் கருவியைக் கெடுக்கும். பின் கூறிய இரண்டும் வீட்டையும் உயிரையும் கெடுக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு

நம் கடற்கரையில் பாடகர் குழு இளைஞர் ஒருவரிடம் இத்தகைய பெட்டி ஒன்று இருந்தது. உறவினரான கப்பல் மாலுமி கொணர்ந்தது. திருவிழா முடிந்த சில நாள்களில் அதிலிருந்து இரைச்சல் எழுந்தது; உள்ளே இரண்டு பெரிய வால்வுகளுள் ஒன்றின் தகடு கொல்லன் உலை இரும்புபோல் சிவந்தது. பழுது பார்க்குமிடம் ஒன்றில் வால்வு கெட்டுவிட்டது என்றனர். புது வால்வு வாங்கினார், அதுவும் சிவந்தது. மீண்டும் வாங்கினார், அதற்கும் அதே கதி. வலைக்கென்று வீட்டில் சேர்த்து வைத்த பணம் இரண்டு கண்ணாடிக் குமிழ்களாகக் கரைந்தது.

பின்னர் அவர், வானொலி காலத்திலேயே தொழில் கற்று ஓய்வு பெற்றிருந்த முதிய மெக்கானிக் ஒருவரை நாடினார். பெட்டி மேசைமேல் வைக்கப்பட்டது. பெரியவர் மீட்டரை எடுக்கவில்லை. “தம்பி, முதல்ல இதுல யார் யார் என்ன பண்ணிருக்காங்கன்னு பாப்போம், ஒரு தாளும் பென்சிலும் எடுத்துட்டு வாங்க” என்றார்.

“வால்வ மாத்தியும் செவக்குதே அண்ணாச்சி?”

“அதான் சொல்றேன். வால்வு செவந்தா வால்வு மேல குத்தம்னு ஆயிருமா?”

மாதக் காட்டியின் பின்புறத்தில் மூன்று மாலைப் பொழுதுகள் அவர்கள் சுற்றை வரைந்தார்கள். கம்பி ஒவ்வொன்றும் எங்கே புறப்பட்டு எங்கே சேர்கிறது என்று பின்தொடர்ந்தார்கள். நிறுவனம் இட்ட இணைப்பில் ஈயம் ஒரே சீராக மங்கியிருந்தது. பிறர் இட்டதில் பளபளப்பும் முண்டும் முடிச்சுமாய் இருந்தது. அவ்வாறு கைமாறிய இடங்களைச் சிவப்பு மையால் குறித்தார்கள். மேலே நான் சொன்ன நான்கு மாற்றங்களும் அத்தாளில் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன.

அதன்பின் இரண்டு பெரிய வால்வுகளையும் இடம் மாற்றிச் செருகிப் பார்த்தனர். நல்ல வால்வு என்று கருதப்பட்டது இப்போது சிவந்தது. கெட்டது என்று கருதப்பட்டது ஒழுங்காய் இயங்கியது. ஆக, குற்றம் வால்வில் இல்லை. அது அமரும் சாக்கெட்டில் இருந்தது. கிரிட்டுக்கு நாற்பது வோல்ட் அளவில் எதிர்மின்னழுத்தம் இடைவிடாமல் செல்ல வேண்டும். அதுவே வால்வுக்குக் கடிவாளம். சாக்கெட்டின் ஐந்தாம் முனை வரை அது ஒழுங்காக வந்து சேர்ந்தது. ஆனால் முனைக்கும் வால்வின் காலுக்கும் இடையே உப்புக் காற்றால் பச்சைக் களிம்பு படிந்திருந்தது, பிடியும் தளர்ந்திருந்தது. கடிவாளம் அறுந்த குதிரைபோல வால்வு தன் ஆற்றல் முழுவதையும் ஓடவிட்டுத் தன்னையே எரித்துக்கொண்டது. முன்பு சோதித்தவர் முனையில் மட்டும் மீட்டரை வைத்து, மின்னழுத்தம் சரியாக உள்ளது என்று முடிவு செய்திருக்கிறார்.

மருத்துவனுக்கு வள்ளுவர் வகுத்த முறை இங்கு நினைவுக்கு வருகிறது. நோயையும், அது பிறந்த காரணத்தையும், அதைத் தணிக்கும் வழியையும் அடுத்தடுத்து ஆராய்ந்த பின்னரே மருந்து என்கிறார் அவர். சிவந்த வால்வு நோயின் அறிகுறி. களிம்பு அதன் காரணம். அறிகுறிக்கு மருந்து வாங்கியதால் இரண்டு வால்வுகள் வீணாயின.

சாக்கெட்டுகள் இரண்டும் மாற்றப்பட்டன. உள் மின்னழுத்தம் 470 வோல்ட் இருந்தது. கண்டன்சர்களின் மேல் 450 என்றே எழுதியிருந்தது. ஆதலின் ரெக்டிபையர் வால்வை மீண்டும் அதன் இடத்தில் வைத்தார்கள். மின்னழுத்தம் 430-க்கு இறங்கியது. முதுமையால் வீங்கிய கண்டன்சர்களையும் புதியவற்றால் மாற்றினார்கள். மின்மாற்றியின் சுமை குறையும்படி 6 எல் 6 வால்வுகளே திரும்பவும் பொருத்தப்பட்டுக் கடிவாள மின்னழுத்தம் அவற்றுக்கேற்பச் சீர் செய்யப்பட்டது. செம்புக் கம்பி போய் உரிய அளவுள்ள பியூஸ் வந்தது. ஆக, அந்தப் பழுது பார்த்தலில் பாதி, முன்பு செய்தவற்றைத் திரும்ப எடுத்தலே ஆயிற்று.

உயிர்க் காவல்

இனிக் கூறுவதைப் பெற்றோரும் ஊன்றிப் படித்தல் வேண்டும்.

1972-ஆம் ஆண்டு மே 3-ஆம் நாள், பிரிட்டனில் சுவான்சி நகர மேடையில் லெஸ்லி ஹார்வி என்ற கித்தார்க் கலைஞர், எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டபோது மின்சாரம் தாக்கி மாண்டார். அவருக்கு வயது 27. நான்கு ஆண்டுகள் கழித்து 1976-ஆம் ஆண்டு மே 12-ஆம் நாள், யார்ட்பேர்ட்ஸ் குழுவில் பாடிப் புகழ் பெற்ற கீத் ரெல்ப், தம் வீட்டிலேயே கித்தார் வாசித்துக்கொண்டிருந்தபோது அவ்வாறே மாண்டார். அங்கும் எர்த் சரியில்லை.

இது எவ்வாறு நேர்கிறது? கித்தாரின் உலோகக் கம்பிகள், அதன் வயர் வழியாக ஆம்பிளிபையரின் இரும்புச் சட்டத்துடன் இணைந்துள்ளன. சட்டத்தில் மின்சாரம் ஏறினால் கம்பியிலும் ஏறும். வாசிப்பவர் கம்பியில் கையும், எர்த் உள்ள மைக்கில் உதடுமாக நின்றால், மின்சாரம் அவருடைய நெஞ்சின் வழியாகவே பாதை காணும். ஈரத் தரையில் வெறுங்காலுடன் நின்றால் மைக்கும் தேவையில்லை.

பழைய அமெரிக்கப் பெட்டிகளில் மற்றோர் ஆபத்தும் உண்டு. அவை இரண்டு கால் பிளக்குடன், 110 வோல்ட் அளவிலான மின்சாரத்துக்காகச் செய்யப்பட்டவை. இரைச்சலைக் குறைக்கும் பொருட்டு, மின் கம்பி ஒன்றுக்கும் இரும்புச் சட்டத்துக்கும் இடையே சிறு கண்டன்சர் ஒன்றை வைத்திருப்பர். அது உள்ளுக்குள் ஒட்டிக்கொண்டால் சட்டம் முழுவதும் மின்சாரம் ஏறும். தொழில் அறிந்தோர் அதனை மரணக் கண்டன்சர் என்றே அழைக்கின்றனர். நம் நாட்டு 230 வோல்ட்டைக் குறைத்துத் தரும் மின்மாற்றிகள் பலவற்றில் எர்த் தொடர்ந்து செல்வதும் இல்லை. எனவே அந்தக் கண்டன்சரை வெட்டி நீக்கி, மூன்று கம்பி வயர் இட்டு, எர்த் கம்பியைச் சட்டத்துடன் ஆணி முடுக்கிப் பிணைத்து, அது சுவர் எர்த் வரை தொடர்கிறதா என மீட்டரால் பார்த்தல் முதற் கடமை.

வீட்டில் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே மின்சாரத்தை நிறுத்தும் இ.எல்.சி.பி. இருப்பது நல்லது. ஆயினும் அது பெட்டிக்கு உள்ளே இருக்கும் நானூறு வோல்ட்டுக்குக் காவலன்று. உள்ளே இருப்பது மின்மாற்றி பிரித்தெடுத்துக் கொடுத்த வேறு மின்சாரம்; அது ஒருவரைத் தாக்குவதை இ.எல்.சி.பி. அறியாது.

மேலும், பிளக்கைப் பிடுங்கிவிட்டோம், இனி அச்சமில்லை என்று எண்ணுதல் கூடாது. கண்டன்சர், மழை நின்ற பின்னும் நீர் நிற்கும் தொட்டி போன்றது. வடித்தாலன்றி நாள் கணக்கிலும் மின்னழுத்தத்தை வைத்திருக்கக்கூடும்.

கைக்கொள்ள வேண்டிய முறை

1. தனியே இருக்கும்போது பெட்டியைத் திறவாதீர்கள். மெயின் சுவிட்ச் எங்குள்ளது என்று அறிந்த ஒருவர் உடன் இருக்கட்டும்.

2. பிளக்கைப் பிடுங்குங்கள். பத்தாயிரம் ஓம், பத்து வாட் ரெசிஸ்டர் ஒன்றின் ஒரு முனையைக் கிளிப்பினால் இரும்புச் சட்டத்தில் முதலில் மாட்டுங்கள். காப்புறை இட்ட மறு முனையை ஒரே கையால் பிடித்து, ஒவ்வொரு பெரிய கண்டன்சரின் நேர்முனையிலும் பத்து விநாடி வைத்து வடியுங்கள். மீட்டர் வைத்து வடிந்ததை உறுதி செய்யுங்கள். வடித்த பின்னும் சிறிது மின்னழுத்தம் தானே ஊறும். ஆதலின் வேலை முடியும் வரை அதனை மாட்டியே வையுங்கள். திருப்புளியால் முனைகளை ஒட்டிப் பொறி பறக்கச் செய்யாதீர்கள்.

3. முதலில் பாருங்கள், பின்பு வரையுங்கள், அதன் பின்னரே ஈயத்தைத் தொடுங்கள். கருகிய ரெசிஸ்டர், வீங்கிய கண்டன்சர், பச்சைக் களிம்பு ஆகியவற்றைக் கண்ணே காட்டிவிடும்.

4. பழுது பார்த்த பெட்டியை நேரே சுவர் மின்சாரத்தில் செருகாதீர்கள். வானொலி மெக்கானிக்குகள் வைத்திருக்கும் சீரிஸ் லாம்ப் போர்டு வழியாகச் செருகுங்கள். நூறு வாட் இழைப் பல்பாக அது இருத்தல் வேண்டும்; எல்.இ.டி. பல்பு உதவாது. பல்பு முதலில் ஒளிர்ந்து பின் மங்கினால் நலம். முழு ஒளியுடன் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே எங்கோ ஒட்டு உள்ளது, உடனே நிறுத்துங்கள்.

5. ஸ்பீக்கர் இணைக்காமல் வால்வு ஆம்பிளிபையரை இயக்காதீர்கள். வெளிச்செல்லும் மின்மாற்றியில் மின்னழுத்தம் எகிறி அதனை எரித்துவிடும். அதுவோ பெட்டியிலேயே விலை மிகுந்த பாகங்களுள் ஒன்று.

6. மின்சாரம் உள்ளபோது அளக்கும் வேலையை, தொழில் அறிந்தவர் மட்டும் செய்க. நான் கூறிய பெரியவர் இடக்கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டே அளந்தார். இரு கைகளும் உள்ளே இருந்தால் மின்சாரத்தின் பாதை நெஞ்சைக் கடக்கும் என்பதே காரணம்.

7. ஒருவரை மின்சாரம் பற்றிக்கொண்டால் அவரைத் தொடாதீர்கள். மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். இயலாவிடில் உலர்ந்த மரக்கட்டையால் விலக்குங்கள். 108-ஐ அழையுங்கள். மூச்சும் நாடியும் இல்லையெனில் உதவி வரும் வரை மார்பை அழுத்தி முதலுதவி செய்யுங்கள்.

அடுத்து வருபவருக்கு ஒரு தாள்

பழுது நீங்கிப் பெட்டி பாடத் தொடங்கியதும் இளைஞர் மூடியை மாட்ட விரைந்தார். பெரியவர் தடுத்தார். மாதக் காட்டித் தாளில் வரைந்ததை வெள்ளைத் தாளில் திருத்தமாக எழுதச் சொன்னார். எந்தப் பாகம் மாற்றப்பட்டது, அதன் அளவு என்ன, எந்த முனையில் எத்தனை வோல்ட் இருந்தது, பியூஸ் எத்தனை ஆம்பியர் என்பன எல்லாம் அதில் ஏறின. கீழே தேதி. அதனை ஒரு பிளாஸ்டிக் உறையில் இட்டு, சூடு படாத இடம் பார்த்து மரப்பெட்டியின் உட்புறத்தில் ஒட்டினார்கள்.

“இன்னும் பத்து வருஷம் கழிச்சு வேற யாராவது தெறப்பாங்க தம்பி. அவங்களும் ஒரு வீட்டுப் புள்ளைதான்” என்றார் அவர்.

இதனைவிடச் சிறந்த பிறரன்புப் பாடத்தை நான் மேடையில் நின்றும் சொல்லிவிட முடியாது. முன்னர்க் கை வைத்த நால்வருள் ஒருவராவது ஒரு வரி எழுதியிருந்தால், அக்குடும்பத்தின் வலைப் பணம் தப்பியிருக்கும். எர்த் முனையை வெட்டியவர் அதனை ஒரு துண்டுத் தாளில் எழுதி ஒட்ட நேர்ந்திருந்தால், எழுதும்போதே அவர் கை தயங்கியிருக்கும்.

பெற்றோரே, பிள்ளைகள் இவ்வித்தையைக் கற்க விரும்பினால் தடுக்காதீர்கள். கைத்தொழில் ஒன்றைக் கற்பது நன்றே. தனித்து விடவும் வேண்டா. அருகில் ஒரு நாற்காலியை இட்டு அமருங்கள். சுற்று வரைபடம் உங்களுக்குப் புரியாதிருக்கலாம். கண்டன்சரை வடித்தாயா, எர்த் பார்த்தாயா, தாளில் எழுதினாயா என்று மூன்று கேள்விகள் கேட்க உங்களால் இயலும்.